சாயம் காட்டிய கோடு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது பள்ளிபாளையத்தில் எங்கள் தெருவுக்கே தெரியும். பெரும்பாலும் தப்பு என் பக்கம் இருக்கும்போதுதான் அது வரும் என்பது என் மனைவிக்கு மட்டும் தெரியும். வில்லுக்குச் சாயம் போட்ட கதையை யார் கேட்டாலும் நான் பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வேன். மீதிப் பாதியில் என்னுடைய பொய் ஒன்று இருக்கிறது. இங்கே முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

திருச்செங்கோட்டில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் நான் தச்சன். ஒருநாள் லாரிக்காரர் ஒருவர் பக்கப்பலகை மாற்றுவதற்காக வண்டியைக் கொண்டுவந்து விட்டார். கூடவே அவருடைய அக்கா மகளும் வந்திருந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். எருமப்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். பிள்ளைகளுக்கு வில்வித்தை சொல்லிக்கொடுக்க ஆசை, கையில் வில் இல்லை. மரத்தில் யாராவது செய்து தருவீர்களா என்று பட்டறை முழுக்கக் கேட்டுக்கொண்டு வந்தார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்.

"லோடு ஏத்துனா அசையாத பாடி கட்டற கைங்க இது. ஒரு வில்லு கட்ட முடியாதுங்களா?" என்று சொல்லி வகையாக மாட்டிக்கொண்டேன்.

வீட்டில் தடசு மரத்தில் செய்து பார்த்தேன். கோடாலிக் காம்புக்குப் போடுகிற மரம் அது. வளைத்தால் வளையும், விட்டால் நிமிரும், நிறம் வெளுப்பு. மூன்று கட்டையைப் பாழாக்கிய பிறகு நாலாவதுதான் வில்லாக வந்தது. வில்லின் மேல் பாதியும் கீழ்ப் பாதியும் ஒன்றுபோல் வளைகின்றனவா என்று பார்ப்பதற்குச் சுவரில் ஒரு முளை அடித்திருந்தேன். முளையில் வில்லை மாட்டி, நாணில் கயிற்றைக் கட்டி, கீழே ஒரு கப்பி வழியாகக் கயிற்றைக் கொண்டுவந்து, ஐந்தடி தள்ளி நின்று இழுப்பேன். வில் வளைவது முழுசாகக் கண்ணுக்குத் தெரியும். உடைந்தாலும் சில்லு சுவரோடு போய்விடும். அந்த ஐந்தடியைப் பற்றி அப்போது நான் ஒன்றும் யோசிக்கவில்லை.

டீச்சருக்கு ஆறு வில் செய்தேன். அதில் ஒன்றில், கைப்பிடிக்கு ஒரு சாண் மேலே, தலைமுடி கனத்துக்கு ஒரு வெடிப்பு இருந்தது. எங்கள் தொழிலில் இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. லாரிப் பலகை வெடித்திருந்தால் பட்டி பார்ப்போம். மரத்தூளைப் பசையோடு குழைத்து வெடிப்பில் அப்பி, காய்ந்ததும் தேய்த்து, மேலே பெயின்ட் அடித்தால் செய்தவனுக்கே இடம் தெரியாது. நானும் வில்லுக்குப் பட்டி பார்த்தேன். பெயின்ட் கடையில் தேக்கு நிற ஸ்டெயின் ஒரு டப்பா வாங்கி ஆறுக்கும் இரண்டு கை பூசினேன். ஸ்டெயினில் இருப்பது நிறப்பொடி. அது மரத்தின் மேலே படுத்துக்கொள்ளும், அடியில் இருப்பதை அமுக்கிவிடும். ஆறு வில்லும் ஒரே பழுப்பில் ஜம்மென்று நின்றன. பட்டி பார்த்தது எது என்று எனக்கே மறந்துபோயிற்று.

லாரிப் பலகை ஒரே இடத்தில் கிடக்கிற பொருள், வில் ஒவ்வொரு அம்புக்கும் முறிகிற எல்லை வரைக்கும் போய்த் திரும்புகிற பொருள். இவ்வளவு சின்ன வித்தியாசம் அத்தனை வருஷம் மரம் தொட்டவனுக்குத் தோன்றவில்லை.

ஒரு மாதம் கழித்து டீச்சர் எங்கள் வீட்டுக்கே வந்தார். இடது புருவத்துக்கு மேலே தையல் போட்ட தழும்பு, இன்னும் சிவப்பு மாறவில்லை. செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்ததைப் பிரித்து முன்னால் வைத்தார். என் வில், இரண்டு துண்டாக. பிள்ளைகளுக்கு இழுத்துக் காட்டும்போது முகத்துக்கு நேரே உடைந்திருக்கிறது. சில்லு இன்னும் கொஞ்சம் கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும்.

"உங்க பேரை யாருகிட்டயும் சொல்லலீங்ணா. நான் புடிச்சது தப்புன்னு சொல்லிட்டேன்" என்றார்.

அவர் உடைந்த இடத்தைத் திருப்பிக் காட்டினார். வெள்ளை மரத்துக்கு நடுவே பழுப்பாகக் காய்ந்துபோன பட்டி, ஒரு கோடாக.

"இது என்னங்ணா?"

"மரத்துப் பிசினுங்க" என்றேன். "தடசுல சமயத்துல அப்புடி வருமுங்க."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. கேட்ட உடனே வாய் தானாகச் சொல்லிவிட்டது. டீச்சர் அந்தக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "செரிங்க" என்றார். சண்டை போட்டிருந்தால் பதிலுக்கு நானும் கத்தித் தப்பித்திருப்பேன்.

அவர் சண்டைக்கு வரவில்லை, மறுபடியும் வில் கேட்டு வந்திருந்தார். மீதி ஐந்தையும் அறையில் வைத்துப் பூட்டிவிட்டார்களாம். பழுப்பு வில் என்றாலே பிள்ளைகள் தொட மாட்டேன் என்கிறார்களாம். விளையாட்டு விழாவுக்குப் பெற்றோர் எல்லாரும் வருவார்கள், அன்றைக்கு டீச்சர் முதல் அம்பை விட்டுக் காட்டினால்தான் பிள்ளைகளை அனுப்புவார்கள். இன்னொரு வில் உடைந்தால் இந்த விளையாட்டே வேண்டாம் என்று பள்ளிக்கூடத்தில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

"பிள்ளைங்களுக்கு அஞ்சு, எனக்கு ஒண்ணுங்க. கலர் கலரா வேணுமுங்க. ஆனா மரத்துக்குள்ள என்ன இருக்குதுன்னு வெளிய தெரியோணும்." கிளம்பும்போது வாசலில் நின்று, "எனக்கும் பயமாத்தான் இருக்குதுங்ணா. நாணை இழுத்தா கண்ணு தானா மூடிக்குது. கண்ணை மூடிட்டு எங்க போயி அம்பு உடறது?" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

என் மனைவி சாயப்பட்டறையில் நூலுக்கு நிறம் கலக்குகிறவள். அந்த வாரம் பட்டறையில் என்ன நிறம் ஓடுகிறது என்பதை அவள் நகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். டீச்சர் போன பிறகு, உடைந்த துண்டை அவளும் கையில் எடுத்துப் பார்த்தாள். பிசினா என்று கேட்கவில்லை.

"மேல பூசுனா மூடத்தாங்க செய்யும். உள்ள எறங்குனா மூடாது. சாயம் போடலாம்" என்றாள்.

"மரத்துக்கா?"

"பருத்தியும் செடிதானுங்க."

புதிதாக ஒரு வில் செய்து கொடுத்தேன். அவள் நூலுக்குச் செய்வதை அப்படியே செய்தாள். சாயப்பட்டறையில் ஒதுக்கிப் போட்டிருந்த நீளத் தகரத் தொட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தாள். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர், அதில் சாயம், சாயம் நூலில் ஏறுவதற்கு உப்பு, ஏறியது போகாமல் இருப்பதற்குச் சோடா. வில்லை உள்ளே படுக்கவைத்து, நூல் கழியைப் புரட்டுவதுபோல் குச்சியால் புரட்டிக்கொண்டே இருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து விறகு தள்ளினேன். வெளியே எடுத்தபோது அரக்குச் சிவப்பு, கல்யாணப் பட்டுச் சேலை தோற்றது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மெச்சிக்கொண்டோம்.

மூன்றாவது நாள் வில் காய்ந்த முருங்கைக்காய்போல் முறுக்கிக்கொண்டிருந்தது. நாணைப் பூட்டினால் வளைந்த இடத்திலேயே வளைந்து நின்றது, திரும்பி நிமிரும் எண்ணமே அதற்கு இல்லை. உப்பு வேறு உள்ளே இறங்கியிருந்ததால் தொட்டால் பிசுபிசுவென்று ஈரம். மாதக்கணக்கில் நிழலில் காயவைத்த மரத்தை ஒரே மத்தியானத்தில் வேகவைத்து எடுத்திருந்தோம்.

"நூலு வேற, மரம் வேறன்னு தெரியாதா உனக்கு?" என்று குதித்தேன்.

"தெரிஞ்ச நீங்க எதுக்குங்க அடுப்புக்கு விறகு தள்ளுனீங்க?"

அன்றைக்கு நான் சாப்பிடாமல் வெளியே போய், டீக்கடையில் இரண்டு வடை தின்றுவிட்டு வந்தேன்.

பிறகு அவளே வழி கண்டுபிடித்தாள். தொட்டி வேண்டாம், உப்பு வேண்டாம், சோடா வேண்டாம். ஒரு டம்ளர் வெந்நீரில் சாயத்தைக் கரைத்து ஆறவைத்தாள். மரத்தை முதலில் வெறும் ஈரத்துணியால் துடைத்தால் மேலெல்லாம் சின்னச் சின்ன நார் எழுந்து நிற்கும். அதைக் காயவிட்டு உப்புத்தாளால் தேய்ப்பது என் வேலை. அதன்பிறகு பழைய வேட்டித் துணியைச் சாயத்தில் நனைத்துப் பிழிந்து, மரத்தின் ரேகை ஓடும் பக்கமாகவே ஒரே இழுப்பாக இழுத்துக்கொண்டு போவாள். நடுவில் கை நின்றால் அங்கே திட்டு விழுந்துவிடும். நிழலில் காயவைத்து மறுபடி ஒரு கை. கடைசியில் ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைப்பாள். துணியில் நிறம் ஒட்டினால் ஒட்டாத வரைக்கும் துடைக்க வேண்டும், இல்லையென்றால் பிள்ளைகளின் வேர்த்த கையெல்லாம் சாயமாகிவிடும். அதற்கும் மேலே, அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்த பாலிஷ் இரண்டு கை.

வில்லை அப்போது பார்த்திருக்க வேண்டும். ராமர் பச்சை ஒன்று, மாம்பழ மஞ்சள் ஒன்று, அரக்கு, வாடாமல்லி, கிளிப்பச்சை என்று வரிசையாக நின்றன. நிறத்துக்கு அடியில் மரத்தின் ரேகை ஒவ்வொன்றும் தெரிந்தது. ஸ்டெயின் பூசிய ஆறும் ஒரே மாதிரி இருந்தன. இவற்றில் ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. என் கைவேலையை நானே முதல் தடவையாகப் பார்க்கிறேன் என்று தோன்றியது. பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

ஆறாவது டீச்சருக்கு. ஆறிலும் அழகான கட்டை அதுதான், வளைவும் அதற்குத்தான் சொல்லிவைத்ததுபோல் அமைந்திருந்தது. மயில் கழுத்து நிறம். இரண்டு பட்டறைக்கும் வார விடுமுறை, மத்தியானம் இரண்டு பேரும் உட்கார்ந்து சாயம் இழுத்தோம். காய்ந்ததும் வெளிச்சத்தில் திருப்பினேன். கைப்பிடிக்குக் கீழே ஒரு கோடு. மற்ற இடமெல்லாம் நீலமும் பச்சையுமாக இருக்க, அது மட்டும் கறுப்பாக, ரேகைக்குக் குறுக்கே சாய்வாக ஓடியது. வெள்ளை மரத்தில் என் கண்ணுக்குத் தப்பிய வெடிப்பு. சாயம் அதற்குள் போய்த் தேங்கி நின்றுவிட்டது.

"ரேகைதான்" என்றேன்.

அவள் கட்டைவிரலை எச்சில் தொட்டு அந்த இடத்தில் தேய்த்தாள். "ரேகை இல்லீங்க. வெடிப்பு."

"எத்தனை மரம் பாத்திருக்கேன், எனக்குச் சொல்லித் தர்றியா?"

விழாவுக்கு எட்டு நாள்தான் இருந்தது. காய்ந்த தடசு வேறு கைவசம் இல்லை, பச்சை மரத்தில் வில் செய்ய முடியாது. நான் எழுந்து அலமாரியைத் திறந்தேன். ஸ்டெயின் டப்பா மேல் தட்டிலேயே இருந்தது. வெடிப்பு ஆழம் இல்லை, மேலோட்டம்தான், ஒரு சிட்டிகைப் பட்டி போதும், நீலத்துக்குப் பதில் பழுப்பு என்றால் டீச்சர் ஒன்றும் சொல்ல மாட்டார் என்று எனக்கு நானே வரிசையாகச் சொல்லிக்கொண்டேன். உளியை விட்டு நெம்பி டப்பாவின் மூடியைத் திறந்தும்விட்டேன்.

"ஏனுங்க" என்றாள் பின்னாலிருந்து. சத்தமாகச் சொல்லவில்லை. "அந்தப் புள்ள மூஞ்சியில இன்னொரு தையலுக்கு எடமிருக்குதுங்களா?"

அவள் எல்லாம் தெரிந்துதான் அத்தனை நாள் பேசாமல் இருந்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கத்தினேன். வழக்கத்தைவிட அதிகமாகவே கத்தினேன். பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள், கேட்பதற்கு வசதியாக. கத்தி ஓய்ந்த பிறகு வெட்கம் பிடுங்கித் தின்றது. வில்லைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுவர் முளையில் மாட்டினேன். கயிற்றைக் கட்டி, ஐந்தடி தள்ளி நின்று இழுத்தேன். முக்கால் இழுப்பு கூட வரவில்லை. படீரென்று உடைந்து ஒரு சில்லு சுவரில் காரையைப் பெயர்த்துக்கொண்டு போனது. போய்ப் பார்த்தேன். கறுப்புக் கோட்டின் மேலேயே, வரைந்து வைத்த மாதிரி உடைந்திருந்தது.

அவள் துண்டுகளைப் பொறுக்கி என் பக்கத்தில் வைத்தாள். "டீச்சருகிட்ட இதையும் கொண்டுபோங்க" என்றாள். ஸ்டெயின் டப்பாவை எங்கே போட்டாள் என்று தெரியவில்லை, நானும் கேட்கவில்லை.

விழாவுக்கு ஐந்து நாள் முன்னால், ஐந்து வில்லையும் இரண்டு துண்டுகளையும் சாக்கில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். "ஏனுங்க, எந்த ஊருக்குப் படை கெளம்புது?" என்று கண்டக்டர் கேட்டதற்கு நாமக்கல் வரைக்கும் பஸ் சிரித்தது. வேறு நாளாக இருந்தால் நானும் சுடச்சுடப் பதில் கொடுத்திருப்பேன். அன்றைக்குச் சாக்கைக் காலுக்கு நடுவே இறுக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்து மைதானத்தில் டீச்சரும் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளும் காத்திருந்தார்கள். எதிரே வைக்கோலைக் கட்டி நிறுத்திக் குறி வைத்திருந்தார்கள். சாக்கைப் பிரித்ததும் பிள்ளைகள் ஆளுக்கொரு நிறத்துக்கு அடித்துக்கொண்டார்கள். பழுப்பைக் கண்டு ஓடியவர்கள் இவர்கள்தானா என்று இருந்தது. டீச்சர் அடியில் கிடந்த துண்டுகளை எடுத்தார்.

"இதுங்ணா?"

"உங்களுக்குன்னு செஞ்சதுங்க. கோடு உழுந்துருச்சு. நானே இழுத்து ஒடச்சுட்டேன்."

அவர் உடையாத பக்கத்தில் மிச்சம் இருந்த கறுப்புக் கோட்டின் மேல் விரலை ஓட்டினார். "வெளியவே தெரியுதுங்களே."

"சாயம் போட்டதால தெரியுதுங்க."

அவர் மாம்பழ மஞ்சள் வில்லை எடுத்து, ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் விரற்கடை விரற்கடையாகப் பார்த்தார். அம்பைப் பூட்டினார். நாண் கன்னத்துக்கு வரும்போது இரண்டு கண்ணும் இறுக மூடிக்கொண்டன. கையைத் தளர்த்தினார். மறுபடி இழுத்தார். மறுபடியும் மூடிக்கொண்டன. புருவத் தழும்பு மட்டும் துடிப்பது எனக்குத் தெரிந்தது. டீச்சருக்கு நான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

"நீங்க ஒருக்கா இழுங்ணா" என்று வில்லை நீட்டினார்.

"நானுங்களா?"

"செஞ்சவங்க நீங்கதானுங்களே."

அத்தனை வில் செய்தும் ஒன்றைக்கூட முகத்துக்கு நேரே இழுத்ததில்லை என்பது அந்த நிமிஷம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. எல்லாவற்றையும் கயிற்றைக் கட்டி, ஐந்தடி தள்ளி நின்றுதான். வாங்கி, அவர் நின்ற இடத்தில் நின்று இழுத்தேன். கன்னத்துக்கு வர வர மரம் லேசாக முனகியது. கண்ணுக்கு நாலு விரல் தூரத்தில் அவ்வளவு பலமும் என் முகத்தைப் பார்த்து நின்றது. நானே பார்த்துப் பார்த்துச் செய்த வில். ஒரு கோடும் இல்லை என்று சத்தியம் பண்ணுவேன். ஆனாலும் என் கண் மூடிக்கொண்டது.

"தாத்தா கண்ண மூடிட்டாரு!" என்று ஒரு பெண்பிள்ளை கத்த, எல்லாம் கொல்லென்று சிரித்தன. கண்ணைத் திறந்தால் டீச்சரும் சிரித்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை நிஜமான சிரிப்பு.

வில்லைத் தாழ்த்தினேன். இப்போது சொல்லாவிட்டால் இனிமேல் சொல்லவே மாட்டேன் என்று தெரிந்தது.

"டீச்சருங்க, அன்னைக்கு அது பிசின் இல்லீங்க. வெடிப்புன்னு தெரிஞ்சே பட்டி பாத்து, மேல கலரைப் பூசிக் குடுத்துட்டேன். பொய் சொல்லிட்டேனுங்க."

அவர் சிரிப்பு நின்றது, ஆனால் முகத்தில் கோபம் வரவில்லை.

"தெரியுமுங்ணா. எங்க மாமனுக்கு லாரி இருக்குதுங்களே. பட்டி பாத்ததைப் பாத்துப் பாத்துத்தான் நான் வளந்தேன்."

"பின்ன எதுக்குங்க மறுபடியும் எங்கிட்டயே வந்தீங்க?"

"என்னிக்காச்சும் சொல்லுவீங்கன்னு தெரியுமுங்க. இத்தனை நாளாகும்னுதான் தெரியல."

என் கையிலிருந்து மஞ்சள் வில்லை வாங்கிக்கொண்டு அம்பு விடுகிற இடத்தில் போய் நின்றார். பிள்ளைகளைப் பின்னால் தள்ளி நிறுத்தினார். என்னையும் தள்ளி நிற்கச் சொன்னார். நான் தள்ளிப் போகவில்லை. அவர் தோளுக்குப் பக்கத்தில், உடைந்தால் எனக்கும் படுகிற தூரத்தில் போய் நின்றேன். அவர் அம்பைப் பூட்டி இழுத்தார். மரம் முனகியது. என் கண் அப்போதும் மூடிக்கொண்டது. வைக்கோலில் அம்பு குத்திய சத்தம் கேட்டது. அதன் பின்னாலேயே பிள்ளைகள் கத்தினார்கள்: "டீச்சர் கண்ணு மூடவே இல்ல!"